கபடி ஆடியவள் ஊடகம் படிக்கலாமா?

கேள்வி: பிளஸ் டூ முடிக்கப் போகிறேன். பள்ளி அணியில் கபடி ஆடி, மாவட்டப் போட்டிகள் வரை போனேன். முழங்கால் ஜவ்வு கிழிந்ததால் இனி ஆடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் ஆட்டங்களைப் பற்றிப் பள்ளி ஆண்டு மலரில் நான்தான் எழுதுவேன். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஊடகம், விளையாட்டுத் தகவல் தொடர்பு, மக்கள் தொடர்பு மூன்றையும் சேர்த்து ஒரே பட்டப்படிப்பாகத் தருகிறார்களாம். கட்டணம் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல். அப்பா பி.காம். படி என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: ஆசையை விட்டுவிடாதே அம்மா. ஆனால் அந்த விளம்பரத்தை மடித்து வைத்துவிடு. மூன்று வேலைகளை ஒரே பெயரில் கட்டி விற்கிறார்கள். அவற்றில் இரண்டு, ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் வேலைகள். அது தெரியாமல் சேர்ந்தால் மூன்றாம் ஆண்டில் முழிக்க வேண்டியிருக்கும்.

2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட் உனக்கு நினைவிருக்கும். மாஸ்கோவில் நடக்க வேண்டியது. உக்ரைன் போரால் கைமாறி, மார்ச் மாதத்தில்தான் சென்னைக்கு உறுதியானது. ஜூலை இறுதியில் தொடக்க விழா. யானை எப்படிப் போகும், குதிரை எப்படித் தாவும் என்று தெரியாதவர்களையும் அதற்குள் பேச வைக்க வேண்டும். வேட்டி கட்டிக் கை கூப்பிய குதிரையைப் போட்டியின் சின்னமாக்கி, அதற்குத் ‘தம்பி’ என்று பெயர் வைத்தார்கள். நேப்பியர் பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் வரைந்தார்கள். ஜனங்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு போட்டியை ஊர்த் திருவிழா ஆக்கிய அந்தக் கைவேலைதான் மக்கள் தொடர்பு.

அதே போட்டியில் இந்தியாவின் இரண்டாம் அணிக்காக ஆடிய 16 வயது குகேஷ், முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார். பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானுக்கு எதிராக நல்ல நிலையில் இருந்த ஆட்டத்தைக் கோட்டைவிட்டார். அந்தச் சுற்று 2-2 என்று முடிந்தது. கடைசியில் தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு, வெண்கலம் நம் இரண்டாம் அணிக்கு. நீ செஸ் சங்கத்தின் மக்கள் தொடர்பு அலுவலராக இருந்தால் உன் அறிக்கை, ‘முதல் பலகையில் குகேஷுக்குத் தனிநபர் தங்கம்’ என்று தொடங்கும். அதில் பொய் ஒன்றும் இல்லை. நிருபராக இருந்தால் பத்தாம் சுற்றில் தொடங்குவாய். தரவரிசையில் மேலே இருந்த முதல் அணி ஏன் நான்காம் இடத்தோடு நின்றது என்றும் கேட்பாய். அறிக்கை எழுதியவருக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. இந்த இரண்டு நாற்காலிகளில் எதில் உட்காரப் போகிறாய் என்பதை இப்போதே சொல்ல முடியாது. அதனால்தான் பதினேழு வயதில் குறுகலான பட்டம் வேண்டாம் என்கிறேன்.

இதழியல், காட்சித் தொடர்பியல், ஆங்கில இலக்கியம், ஏன், தமிழ் இலக்கியமே கூடப் படிக்கலாம். அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில், கட்டுப்படியாகும் கட்டணத்தில். மக்கள் தொடர்பை அதன்பிறகு படித்துக்கொள்ளலாம். டெல்லியில் 1965-இல் தொடங்கிய இந்திய வெகுஜனத் தொடர்பியல் நிறுவனம் (ஐ.ஐ.எம்.சி.) விளம்பரத்துக்கும் மக்கள் தொடர்புக்கும் என்றே பட்டமேற்படிப்பு நடத்துகிறது. விளையாட்டு மேலாண்மையின் பக்கம் மனம் போனால், வண்டலூரை அடுத்த மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கல்லூரி பார்க்கப் போகும்போது அலுவலகத்தில் தரும் பளபளப்பான கையேட்டை நம்பாதே. வாசலில் டீக்கடையில் நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்களைக் கேள். மாணவர்கள் நடத்தும் பத்திரிகை உண்டா? கேமராவைக் கையில் கொடுக்கிறார்களா, பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்களா? போன வருடம் முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

உன் கையில் ஒரு முதல் இருக்கிறது, அதை நீயே கவனிக்கவில்லை. உனக்குக் கபடி தெரியும். புரோ கபடியில் தமிழ் தலைவாஸ் ஆட்டம் என்றால் ‘விறுவிறுப்பான ஆட்டத்தில் வெற்றி’ என்று எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் மூன்று பேர்தான் மிச்சம், தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பியாயிற்று, இந்த மூன்றாவதில் புள்ளி எடுக்காவிட்டால் ரெய்டர் வெளியே. அந்த நேரத்தில் அவர் போனஸ் கோட்டுக்குப் போகாமல் ஏன் இடது மூலையைச் சீண்டினார்? மூன்று பேர் இருக்கும்போது போனஸ் கிடையாது, பிடிபட்டால் எதிரணிக்கு இரண்டு புள்ளி என்பதை உடம்பால் அறிந்தவள்தான் அந்த முப்பது விநாடியை எழுத முடியும். உன் ஊர்ப் பக்கம் அடுத்து நடக்கும் போட்டிக்கு நோட்டுடன் போ. ஆட்டம் முடிந்த அரை மணிக்குள் 150 வார்த்தையில் செய்தியாக எழுது. மறுநாள் அதே ஆட்டத்தை, தோற்ற அணியின் சார்பில் பத்திரிகைகளுக்குத் தரும் அறிக்கையாக எழுது. எதை எழுதும்போது கை தயங்குகிறது என்று பார். ஆங்கிலத்திலும் எழுதிப் பழகு. அறிக்கை இரண்டு மொழியிலும் கேட்பார்கள்.

அப்பாவை எதிரியாக்காதே. பி.காம். கெட்ட வழி அல்ல. அணிகள் ஸ்பான்சர் பணத்தில்தான் ஓடுகின்றன, அந்தக் கணக்கு புரிந்தவர்களுக்கு அங்கே மதிப்பு உண்டு. அவர் பயம் வேறாகக்கூட இருக்கலாம். மற்றவர்களுக்கு லீவு நாள்தான் இந்தத் தொழிலில் வேலை நாள். ஆட்டம் இரவு பத்தரைக்கு முடியும், செய்தி அனுப்பிவிட்டுக் கிளம்பப் பதினொன்றரை ஆகும். தொடக்கத்தில் சம்பளமும் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. இதையெல்லாம் மறைக்காமல் அவரிடம் நீயே முதலில் சொல்லிவிடு.

இன்னொன்று, இது அவசரம். மாவட்டப் போட்டிச் சான்றிதழ்களை எடுத்து வைத்திருக்கிறாயா? அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் விளையாட்டு வீரர்களுக்கான சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடந்துவிடும். எந்தச் சான்றிதழ், எந்தப் படிவத்தில் செல்லும் என்று உன் உடற்கல்வி ஆசிரியரிடம் இந்த வாரமே கேள்.