மகமையும் நாக்பூரும்

அன்புள்ள அக்கா,

சிவகாசியில் அச்சகம் நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். ஊர் இனி எந்தத் தொழிலை நம்புவது என்று வணிகர்கள் சிலர் சேர்ந்து அரசுக்கு ஒரு மனு தயாரிக்கிறோம். பட்டாசின் தலையெழுத்து ஒவ்வோர் ஆண்டும் நீதிமன்றத்தில் இருக்கிறது. தீப்பெட்டியின் இடத்தை லைட்டர் பிடித்துக்கொண்டது. செல்பேசி வந்தபின் டைரி, காலண்டர் ஆர்டர்களும் குறைகின்றன. விழுப்புரத்துக்கும் தஞ்சாவூருக்கும் மினி டைடல் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா வந்ததுபோல நமக்கும் ஒன்று கேட்கலாம் என்கிறார்கள் சிலர். நிலமும் சலுகையும் கொடுத்துப் பெரிய நிறுவனம் ஒன்றை வரவழைக்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். விமான நிலையம், நான்குவழிச் சாலை என்றும் பட்டியல் நீள்கிறது. எங்கள் ஆட்களுக்குப் பட்டாசில் மருந்து அடைப்பதையும் பெட்டி ஒட்டுவதையும் தவிர ஒன்றும் தெரியாது. அதனால் வெளியிலிருந்து ஏதாவது வந்தால்தான் உண்டு என்பது என் எண்ணம். நீங்கள் சாத்தூர்ப் பக்கத்துக்காரர் என்பதால் கேட்கிறேன். மனுவில் எதைக் கேட்பது?

எஸ்., சிவகாசி

அன்புள்ள எஸ்.,

விமான நிலையத்தை விட்டுவிடுங்கள். மதுரை பக்கத்திலேயே இருக்கிறது. சாலை கேளுங்கள், அதற்கு யாருடைய யோசனையும் வேண்டியதில்லை. டைடல் பூங்காவும் வரட்டும். படித்துவிட்டுச் சென்னையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளில் சிலர் ஊர் திரும்பினால் நல்லதுதான்.

'எங்கள் ஆட்களுக்கு ஒன்றும் தெரியாது' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியோடுதான் எனக்குச் சண்டை. அச்சகத்துக்குள் பிறந்து வளர்ந்த பிள்ளை இதை எழுதலாமா? உங்கள் வீட்டுச் சோறு யாருடைய தெரிதலில் வெந்தது?

என் தாய்மாமா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மை கலக்கினார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். யாராவது பழைய லேபிள் ஒன்றைக் கொண்டுவந்து இதே பச்சை வேண்டும் என்று கேட்டால், அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு மஞ்சளையும் நீலத்தையும் கத்தி முனையால் எடுத்துக் கண்ணாடிப் பலகையில் குழைத்து, விரலால் தாளில் தட்டிப் பார்ப்பார். ஈரத்தில் இருக்கும் நிறம் காய்ந்தபின் எவ்வளவு இறங்கும் என்பது அவருக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரத்தைக் குடித்துத் தாள் நீளும் என்பதும், அப்படியே எந்திரத்தில் ஏற்றினால் நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராமல் விலகும் என்பதும், அதற்காகத் தாளை எவ்வளவு நேரம் அறையில் ஆறப்போட வேண்டும் என்பதும் தெரியும். இதெல்லாம் பொறியியல் கல்லூரியில் பாடமாக இருக்கும் விஷயங்கள். அவர் இறந்தபோது முதலாளி வந்து மாலை போட்டார், கண்ணீரும் விட்டார், நல்ல மனிதர். ஆனால் மாமா உயிரோடு இருந்தபோது, உனக்குத் தெரிந்ததை நாலு பையன்களுக்குச் சொல்லிக்கொடு, அதற்குத் தனியாகச் சம்பளம் தருகிறேன் என்று ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. ஒன்றும் தெரியாது என்று இப்போது நீங்கள் சொல்வது அந்த மனிதரைத்தான்.

அம்மாவும் தீப்பெட்டி ஒட்டினாள். குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் 144 பெட்டி. பள்ளி விட்டு வந்ததும் நாங்களும் உட்கார்ந்து ஒட்டினோம். அந்த நாட்களைப் போற்றி எழுத எனக்கு மனம் வராது. சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஆபத்தான தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றபோது, எங்கள் தெருவில் யாருக்கும் அதில் வியப்பு இல்லை. ஆனால் அந்தப் பெண்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் கோபம் வருகிறது. பசை எந்தப் பதத்தில் இருந்தால் பெட்டி கோணாது என்று எங்கள் அம்மாவிடம் கேட்டுத்தான் ஏஜென்டே தெரிந்துகொள்வார்.

இப்போது உங்கள் ஊரின் கதைக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் நீங்கள் அதை மறந்துவிட்டீர்கள். 1899 கலவரத்தில் சூறையாடப்பட்ட ஊர் அது. கரிசலும் கானலுமாக, மழையை நம்பி விதைக்க முடியாத பூமி. 1922-ல் அங்கிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். நிறுவனத்தை அழைத்துவர அவர்கள் போகவில்லை. தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ளப் போனார்கள். மறு ஆண்டே ஊரில் தீப்பெட்டி ஆலை வந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். வெளியூரில் அச்சடித்து வாங்கிய லேபிளை நாமே அச்சடித்தால் என்ன என்று யோசித்ததில் அச்சுத்தொழில் வந்தது. மருந்து கையாளத் தெரிந்துவிட்டது, வண்ண மத்தாப்புத் தீப்பெட்டி வந்தது. இரண்டாம் உலகப் போர் வந்து வெளிநாட்டுச் சரக்கு நின்றதும் பட்டாசு வந்தது. ஜெர்மனியில் ஓட்டிக் கழித்த ஆஃப்செட் எந்திரங்களை வாங்கிவந்து, பிரித்து, பழுது பார்த்து ஓட்டினார்கள். அதிலிருந்து எந்திரம் பழுது பார்க்கும் பட்டறைகள் வந்தன. ஒவ்வொன்றும் முந்தைய தொழிலின் தேவையிலிருந்து பிறந்தது. விலை கொடுத்து வெளியில் வாங்கிய ஒரு பொருளை ஊருக்குள் செய்யக் கற்றுக்கொண்டதுதான் ஒவ்வொரு முறையும் நடந்தது. சலுகைக்கு வந்த நிறுவனம் சலுகை கசந்தால் போய்விடும். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை வரித் தகராறும் கம்பெனி கைமாறியதுமாகச் சேர்ந்து 2014 நவம்பரில் மூடப்பட்டது. வேலை இழந்த பிள்ளைகளுக்கு அங்கே கற்ற வேலையை வைத்துச் சொந்தமாகத் தொடங்க ஒன்றும் இருக்கவில்லை.

சரி, அந்தக் காலத்து ஊருக்குக் கற்றுக்கொள்ளும் பணம் எங்கிருந்து வந்தது? உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே சில வாரங்களாக நான் நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். மகமை. விருதுநகரில், சிவகாசியில், சாத்தூரில், அருப்புக்கோட்டையில் மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தங்கள் மீது தாங்களே போட்டுக்கொண்ட வரி. சர்க்கார் கேட்டு வாங்கியதல்ல. நாடார்களின் ஊர்ச் சங்கமான உறவின்முறை அதை வசூலித்துக் கிணறு வெட்டியது, பேட்டை கட்டியது, பள்ளி கட்டியது. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலைக்கு வீடுகளில் சோறு வடிக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். காமராஜர் படித்தது அந்தப் பள்ளியில்தான். சாப்பாட்டில் ஒரு பிடியைக் குறைத்துக்கொண்டு பிள்ளைகளின் படிப்புக்குப் போட்டவர்கள் எந்த அரசாங்கத்தின் வாசலிலும் நிற்கவில்லை. உங்கள் ஊரில் 1963-ல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியும் 1984-ல் மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியும் வந்ததற்குப் பின்னாலும் இருந்தது அதே பழக்கம்தான்: சம்பாதித்ததில் ஒரு பங்கு படிப்புக்கு.

அந்த மகமையின் குறையை மறைத்துப் பேச மாட்டேன். அது ஒரு சாதிக்குள் வசூலாகி அந்தச் சாதி வகுத்த வழியில் செலவானது. மருந்தறையில் உட்கார்ந்தவர்களில், பெட்டி ஒட்டியவர்களில் பெரும்பாலோர் அந்த உறவின்முறைக்கு வெளியே இருந்தார்கள். தலித்துகள் இருந்தார்கள், கரிசல் காட்டுச் சிறு விவசாயிகள் இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது கூலி மட்டும். பொதுப்பணத்தில் அவர்களுக்குப் பங்கும் இல்லை, அதை எப்படிச் செலவிடுவது என்பதில் பேச்சும் இல்லை. மகமை மீண்டும் வேண்டும் என்று நான் சொல்லும்போது எல்லோருடைய மகமையைத்தான் சொல்கிறேன். விற்பனையில் நூறு ரூபாய்க்குக் கால் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் கோடிக்கு விற்றால் இரண்டரைக் கோடி சேரும். அதை நிர்வகிக்கும் குழுவில் பாதி இடம் தொழிலாளர்களுக்கு, அதிலும் பாதி பெண்களுக்கு.

அந்தப் பணத்தை எதில் போடுவது என்று கேட்டால், என் விரல் நாக்பூரைக் காட்டும். உங்கள் ஊரில் ஆலைகளை எப்படிச் சொல்கிறார்கள்? பெரியது நாக்பூர் லைசென்ஸ், அடுத்தது சென்னை லைசென்ஸ், சிறியது டி.ஆர்.ஓ., அதாவது மாவட்ட வருவாய் அலுவலர், லைசென்ஸ். வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம் நாக்பூரில் இருக்கிறது, அதனால் அந்தப் பெயர். உரிமம் வெளியிலிருந்து வரட்டும். மேற்பார்வை பார்ப்பவர் வெளியாளாக இருப்பதுதான் நல்லது. ஆனால் 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடை செய்தபோது என்ன நடந்தது? கம்பி மத்தாப்பிலிருந்து பச்சை நிறம் வரை பேரியம் நைட்ரேட்டை நம்பியிருந்த ஊர் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. புகை குறைந்த மாற்றுக் கலவையைத் தயாரித்தது மத்திய அரசின் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமான நீரி. அதுவும் நாக்பூர்தான். துகள் மாசு சுமார் 30 சதவீதம் குறையும் என்றார்கள். அந்தக் கலவையைப் பயன்படுத்த உங்கள் ஆலைகள் நீரியிடம் ஒப்பந்தம் போட்டன. முக்கால் நூற்றாண்டுக்கு மேல் மருந்து கலக்கிய ஊர் தன் மருந்தின் சேர்மானத்தை வேறு ஊரிடம் கேட்டு வாங்கியது. வேதியியல் துறை கையருகே இருக்கிறது, பொறியியல் கல்லூரி இருக்கிறது, அரசின் பட்டாசு ஆய்வு மையமும் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. எந்த மருந்து எந்த வெயிலில் எப்படி நடந்துகொள்ளும் என்று வாசனையிலேயே சொல்லக்கூடிய போர்மேன்கள் இருக்கிறார்கள். இவர்களை ஒரே மேசையில் உட்காரவைக்கப் பொதுப்பணம் ஒன்று ஊரில் இல்லை. புகை பற்றிய புகார்கள் பல ஆண்டுகளாக நீதிமன்றப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தபோதும், அடுத்த தீபாவளிக்கு எவ்வளவு ஆர்டர் என்பது மட்டும்தான் பேச்சாக இருந்தது. நீதிமன்றத்தின் மேல் கோபப்படுகிறீர்கள். தில்லியில் மூச்சுத் திணறும் குழந்தையின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, எஸ். அந்த நியாயத்துக்கு முதலில் பதில் தேடியிருக்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

இதைவிடக் கடுமையாக ஒன்று சொல்ல வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 38 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூருக்குப் பக்கத்தில் அச்சன்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள். இடையிலும் பின்னரும் நடந்தவற்றைத் தனியாக எண்ண வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே காரணங்கள்தான் பேசப்படுகின்றன: உரிமம் ஒருவர் பெயரில், அறைகள் உள்குத்தகைக்குப் பலர் கையில், அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள், தீபாவளி நெருக்கத்தில் மரத்தடியில் மருந்து. உங்கள் மனுவின் சுருக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. ஊரின் பொருளாதார வளர்ச்சி பற்றி எழுதுகிறவர்கள் மருந்தறையில் உட்காரும் பெண் மாலையில் வீடு திரும்புவாளா என்பதை வேறொரு துறையின் வேலை என்று நினைத்தால், அந்த மனுவை நான் படிக்கவே விரும்பவில்லை. ஆளைத் தள்ளி உட்காரவைத்து மருந்தை அடைக்கும் எந்திரம் ஒன்றை உங்கள் பட்டறைக்காரர்கள் உருவாக்கினால், அதுதான் உங்கள் ஊரின் அடுத்த தொழில். இந்தியாவில் வெடிமருந்து கையாளும் ஊர்கள் எல்லாம் அதை வாங்கும். ஜெர்மன் எந்திரத்தைப் பிரித்து மாட்டியவர்களால் இது முடியாது என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

லைட்டர் விஷயம் எழுதியிருந்தீர்கள். 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு 2023-ல் தடை வந்தது. மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. அவ்வளவுதான். நம் விருதுநகர் மாவட்டத்திலேயே குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் வரவிருக்கும் ஜவுளிப் பூங்காவை உங்கள் மனு நண்பர்கள் ஏன் விட்டுவிட்டார்கள் என்று தெரியவில்லை. சட்டைக்கு லேபிள் வேண்டும், அட்டைப்பெட்டி வேண்டும், விலைச்சீட்டு வேண்டும். அவற்றை வெளியூரிலிருந்து அவர்கள் வரவழைத்தால் அந்த வெட்கம் உங்களைச் சேரும். இப்போதே போய்ப் பேசுங்கள்.

மனுவில் என்ன கேட்பது என்றுதானே எழுதியிருந்தீர்கள்? ஊர் போடும் மகமைக்கு ஈடாக, ரூபாய்க்கு ரூபாய், அரசும் போட வேண்டும் என்று கேளுங்கள். மாமாவைப் போன்ற மூத்த தொழிலாளர்கள் இன்னும் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று அச்சகம் அச்சகமாக, ஆலை ஆலையாகப் போய் எழுதிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர அழைப்பது அந்தப் பணத்தின் முதல் செலவாக இருக்கட்டும்.

மனுவை அனுப்பும் முன் என்னிடம் காட்ட வேண்டியதில்லை. மருந்தறைப் பெண்களைக் கூட்டிவைத்து அவர்களுக்குப் படித்துக்காட்டுங்கள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். மற்ற நாளில் வைத்தால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போய்விடும்.

அன்புடன்,
அக்கா