எம்ஜிபிக்கு அகல டயர்: கேள்வி பதில்

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையிலிருந்து வெளிவந்த எம்ஜிபி காருக்கு அகலச் சக்கரம் மாட்டுவது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி ஒரே கேள்விதான், அவற்றை ஒன்றாக்கிவிட்டேன். என்னிடம் கம்பிச் சக்கரம் போட்ட ரோட்ஸ்டர் (திறந்த கூரை வண்டி) ஒன்றும், ரப்பர் பம்பர் வைத்த ஜிடி (மூடிய கூரை வண்டி) ஒன்றும் உண்டு. இரண்டிலும் செய்யக்கூடாததைச் செய்து பார்த்திருக்கிறேன்.

கேள்வி: என் காரில் 5 அங்குல ரோஸ்டைல் (எஃகுத் தகட்டில் செய்த) சக்கரமும் 165 ஆர் 14 டயரும் இருக்கின்றன. பாடியில் கை வைக்காமல் எவ்வளவு அகலம் போகலாம்? (லெஸ்டரிலிருந்தும் வேறு பல ஊர்களிலிருந்தும்)

பதில்: 185/70 ஆர் 14. அதோடு நிறுத்திக்கொண்டால் நிம்மதி. முதல் எண் டயரின் அகலம், மி.மீ.-இல்; கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்கைப் பாருங்கள். 185-இல் 70 சதவீதம் 129.5 மி.மீ.; அதுதான் பக்கச் சுவரின் உயரம். மேலும் கீழுமாக இரண்டு மடங்கு 259. பதினான்கு அங்குல ரிம் 355.6. கூட்டினால் 615 மி.மீ. சொச்சம். உங்கள் பழைய 165-இல் சதவீத எண் போட்டிருக்காது. போடாவிட்டால் ஏறக்குறைய 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் விட்டம் 620 மி.மீ. பக்கம் வரும். அரை சென்டிமீட்டர் வித்தியாசத்தை வண்டி கண்டுகொள்ளாது.

பதினைந்து அங்குலம்தான் வேண்டும் என்றால் 6 அங்குல ரிம்மில் 195/60 ஆர் 15. இதன் விட்டமும் 615தான். ஆனால் பக்கச் சுவர் 117 மி.மீ. ஆகச் சுருங்குவதால் சாலையின் ஒவ்வொரு பள்ளத்தையும் உங்கள் இடுப்பு எண்ணிச் சொல்லும். இந்த அளவுக்குப் போனால் பின் மட்கார்டில் இடம் இருக்கிறதா என்று அளந்த பிறகே பணம் கொடுங்கள்.

கேள்வி: 195 போட்டேன். பின்பக்கம் இடது டயர் மட்டும் உரசுகிறது, வலது உரசவில்லை. கடைக்காரர் ரிம் கோணல் என்கிறார். (க்ராய்டன்)

பதில்: ரிம் மீது பழி போடாதீர்கள். எம்ஜிபியில் இடது பின்புறம் இடம் குறைவாக இருப்பது பழைய கதை. பாடியும் பின் அச்சும் ஒன்றுக்கொன்று நடுவாக உட்காராத வண்டிகள் ஏராளம். ஒரு பக்கம் விரல் தாராளமாக நுழையும், மறுபக்கம் நகம்தான் நுழையும்.

என் ஜிடிக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்படியே மாட்டலாம் என்று விற்றவர் சத்தியம் செய்தார். தனியாக ஓட்டும்வரை ஒரு குறையும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டார் ஏறிக்கொள்ள, ரவுண்டானாவில் வலது பக்கம் திரும்பியபோது பின்னாலிருந்து ரம்பம் அறுப்பதுபோல் சத்தம். கூடவே ரப்பர் வாசம். இறங்கிப் பார்த்தால் இடது டயரின் தோளைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல் பளபளவென்று ஒரு கோடு. மட்கார்டின் உள்விளிம்பு அங்கே டயரை இழைத்திருந்தது.

காரணம் எளியது. பின் அச்சைப் பக்கவாட்டில் பிடித்துவைத்திருப்பவை இரண்டு பட்டை ஸ்பிரிங்குகள் மட்டுமே. அவற்றின் முனைகளில் உள்ள ரப்பர் உறை, அதாவது புஷ், நைந்துபோயிருந்தால் திருப்பத்தில் அச்சே பக்கமாக நகரும். எனவே முதலில் புஷ்ஷை மாற்றுங்கள். பிறகு வண்டியைத் தாங்கிகளில் நிறுத்தி, சக்கரத்தை மாட்டியபடியே அச்சின் இடது முனையை ஜாக்கியால் மெல்ல உயர்த்துங்கள். அச்சு மேலே உள்ள ரப்பர் தடுப்பைத் தொடும்வரை போகட்டும். டயருக்கும் விளிம்புக்கும் நடுவே சுற்றிலும் ஒரு விரல் நுழைய வேண்டும். வெறும் தரையில் நிற்கும் வண்டியை அளந்துவிட்டுத் திருப்தி அடைவதில் பயனில்லை.

அப்படியும் இடிக்கிறது என்றால் உள்விளிம்பை மடக்குவார்கள். ஒரு கிரிக்கெட் ஸ்டம்பை டயருக்கும் விளிம்புக்கும் இடையே செருகி வண்டியை முன்னும் பின்னும் உருட்டும் வைத்தியம் ஒன்று உண்டு. நான் செய்யமாட்டேன். அந்த விளிம்பு இரண்டு தகடுகளைப் புள்ளி வெல்டிங்கில் சேர்த்தது. மடக்கும்போது பெயின்ட் வெடிக்கும், இடுக்கில் தண்ணீர் இறங்கும். பிறகு துருவை நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை.

கேள்வி: கம்பிச் சக்கரத்தில் 185 போடலாமா? அகலச் சக்கரம் வேண்டும், ஆனால் கம்பியின் அழகையும் விட மனமில்லை. (ஈஸ்ட் ஹாம்)

பதில்: ஆசை நியாயமானது. ஆனால் பழைய கம்பிச் சக்கரத்தின் அகலம் 4½ அங்குலம்தான். 185 அதில் ஏறிவிடும். ஏறிய பிறகு பக்கச் சுவர் பலூன் மாதிரி பிதுங்கி நிற்கும், திருப்பத்தில் வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்பும். 5½ அங்குலக் கம்பிச் சக்கரங்கள் புதிதாகக் கிடைக்கின்றன. 185-க்கு அவையே பொருத்தம்.

அடுத்தது ட்யூப். ஒவ்வொரு கம்பியும் ரிம்மைத் துளைத்துக்கொண்டு உள்ளே வருகிறது. துளை இருந்தால் காற்று நிற்காது, ஆகவே ட்யூப் வேண்டும். டயர் மாற்றும் நாளில் கம்பி முனைகளைக் கைவிரலால் தடவிப் பாருங்கள். குத்துகிறதா, அரத்தால் தேய்த்து மழுக்கிவிட்டு, மேலே ரப்பர் பட்டையைச் சுற்றுங்கள். டயரின் உட்புறத்தையும் தடவுங்கள். ட்யூப் இல்லாமல் ஓடுவதற்கென்று செய்த டயர்கள் சிலவற்றின் உள்ளே வரிவரியாக மேடுகள் இருக்கும். அவை ட்யூப்பை அராவி அராவி ஒருநாள் ஓட்டையாக்கும். டயருக்குள் ஒட்டிய காகித லேபிளைக்கூடப் பிய்த்து எறிந்துவிடுங்கள். உட்புறம் அடைத்து ட்யூப் தேவைப்படாதபடி செய்த கம்பிச் சக்கரங்களும் வந்துவிட்டன; பணம் இருந்தால் அவை மேல்.

கேள்வி: ரிம் உள்ளே தள்ளி உட்காருகிறது. ஸ்பேசர் (சக்கரத்துக்குப் பின்னால் வைக்கும் தட்டு) போட்டு வெளியே கொண்டுவரலாமா? (கோவென்ட்ரி)

பதில்: ரிம் ஓர் அங்குலம் அகலமானால், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அதைப் பொருத்தும் முகத்துக்கும் உள்ள தூரம்) மாறாதவரை, உள்ளே அரை அங்குலமும் வெளியே அரை அங்குலமும் வளரும். இதைக் காகிதத்தில் வரைந்துவிட்டு ரிம் வாங்கியிருந்தால் ஸ்பேசர் கேள்வியே எழுந்திருக்காது. போட்டே ஆக வேண்டும் என்றால் சக்கர நட்டு ஏறும் மரை முளையான ஸ்டட்டின் நீளத்தைப் பாருங்கள். எம்ஜிபியின் ஸ்டட் அரை அங்குலத் தடிமன், அங்குலத்துக்கு 20 மரை. நட்டு குறைந்தது பத்து முழுச் சுற்று ஏற வேண்டும். ஆறாவது சுற்றில் இறுகிவிட்டால் நீளமான ஸ்டட் போடாமல் தெருவில் இறங்காதீர்கள். இரும்புச் சக்கரத்தின் நட்டை அலாய் சக்கரத்துக்குப் போடுவதும் வேண்டாம்; உட்காரும் வடிவம் வேறாக இருக்கலாம்.

கேள்வி: அண்ணா, அகல டயர் போட்டதிலிருந்து நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங் திருப்பத் தோள் வலிக்கிறது. பழுதா? (ஹாரோ)

பதில்: பழுதில்லை தம்பி, விலை. இந்த வண்டிக்குப் பவர் ஸ்டியரிங் கிடையாது. டயர் அகலமாகி, சக்கரத்தின் மையமும் வெளியே தள்ளிப் போனால் சக்கரம் திரும்பும் அச்சிலிருந்து தூரம் கூடுகிறது. அந்தத் தூரம் உங்கள் தோளுக்கும், முன்சக்கரம் திரும்பும் முளையான கிங்பின்னுக்கும் சேர்த்துப் பாரம். கிங்பின்னுக்குக் கிரீஸ் அடித்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று முதலில் யோசியுங்கள். பாதி வலி அங்கே போய்விடும்.

கேள்வி: 195/55 ஆர் 15 மலிவாகக் கிடைத்தது. வேகமானி தவறு காட்டுமா? (ரெடிங்)

பதில்: காட்டும். விட்டம் 595 மி.மீ.தான். மானி 62 மைல் என்னும்போது நீங்கள் 60-இல் இருப்பீர்கள். அதைவிட, நெடுஞ்சாலையில் என்ஜின் கூடுதலாகச் சுற்றும் இரைச்சல்தான் எரிச்சலூட்டும்.

கேள்வி: எல்லாம் சரி, அகலம் கூடினால் பிடிப்பு கூடுமா, கூடாதா? (லெஸ்டர்)

பதில்: காய்ந்த சாலையில் ஓரளவு கூடும். ஆனால் டயர் தரையைத் தொடும் பரப்பை வண்டியின் எடையும் காற்றழுத்தமுமே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. அகல டயரில் அந்தப் பரப்பு குட்டையாகி அகலமாகிறது, இரண்டு மடங்காவதில்லை. ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவான வண்டி இது. மழைநீர் தேங்கிய சாலையில் ஒடுக்கமான டயர் நீரைப் பிளந்துகொண்டு போகும். அகலமானது மேலே மிதக்கப் பார்க்கும். சுமார் 95 குதிரைத்திறனுக்கு 185 போதும் என்பது என் தீர்ப்பு. எதிர்த்து எழுதுபவர்கள் எழுதலாம்.

ஆனால் அகலத்தை விடுங்கள், உங்கள் டயரின் வயதைப் பார்த்தீர்களா? பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2309 என்றால் 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். வருடத்தில் ஆயிரம் மைல் ஓடும் வண்டியில் டயர் தேயாது, கட்டைபோல் இறுகும். அதைக் கழற்றிவிட்டுப் புதிய 165 போட்டாலே வேறு கார் வாங்கியதுபோல் இருக்கும்.

கேள்வி: காப்பீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டுமா? நாற்பது வயது தாண்டியதால் எம்ஓடி (பிரிட்டனின் ஆண்டு வாகனத் தகுதிச்) சோதனை கிடையாதே. (ஈஸ்ட் ஹாம்)

பதில்: சொல்லுங்கள். சோதனையிலிருந்துதான் விலக்கு, சாலைக்குத் தகுதியாக வைத்திருக்கும் பொறுப்பிலிருந்து இல்லை. சக்கரத்தின் அளவை மின்னஞ்சலில் எழுதி, வந்த பதிலை வண்டிக் கோப்பில் வையுங்கள். நான் எழுதியபோது கட்டணம் ஒரு பவுன்கூட ஏறவில்லை.