குழந்தையை என் உடலே எதிர்த்ததா?

கேள்வி: முதல் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் திடீரென உயர்ந்து, சிறுநீரில் புரதமும் வெளியேறியது. ப்ரீ-எக்லாம்ப்சியா என்று கூறி, குறைமாதத்திலேயே சிசேரியன் செய்தார்கள். என் நோய் எதிர்ப்பு மண்டலம் குழந்தையை எதிர்த்ததே காரணம் என்றும், அது மரபணுக் கோளாறு என்றும் உறவினர்கள் சொல்கிறார்கள். உண்மையா? அடுத்த குழந்தைக்கு முன் மரபணுப் பரிசோதனை அவசியமா?
– வாசகி ஒருவர்

பதில்: மரபணுவுக்குப் பங்கு உண்டு என்பது உண்மை, எதிர்த்தது என்பதுதான் தவறு. கர்ப்பத்தின் தொடக்கத்தில் கருப்பையின் உட்சுவரில் என்.கே. செல்கள் என்னும் நோய் எதிர்ப்புச் செல்கள் ஏராளமாகக் குவிகின்றன. நஞ்சுக்கொடியின் செல்கள் உள்ளே ஊடுருவித் தாயின் சுருள் தமனிகளை அகலப்படுத்துவதற்கு இவை துணைபுரிகின்றன. இவற்றின் மேலுள்ள கே.ஐ.ஆர். என்னும் ஏற்பிகள், நஞ்சுக்கொடிச் செல்களில் இருக்கும் எச்.எல்.ஏ.-சி என்ற புரதத்தை அடையாளம் காண்கின்றன. ஏற்பிகளுக்கான மரபணுக்கள் தாயினுடையவை. அந்தப் புரதத்துக்கான மரபணுவிலோ ஒரு பிரதி தந்தையிடமிருந்து வருகிறது. தாயிடம் 'ஏஏ' வகை ஏற்பி மரபணுக்களும் குழந்தையிடம் 'சி2' வகைப் புரதமும் சேரும்போது ஆபத்து கூடுவதை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்டார்கள். இந்தச் சேர்க்கையில் என்.கே. செல்கள் அளவுக்கு மீறி அடக்கப்படுகின்றன என்பதே விளக்கம். தமனிகள் போதிய அளவு விரியாமல், ரத்த ஓட்டம் குன்றிய நஞ்சுக்கொடி சில புரதங்களைத் தாயின் ரத்தத்தில் கலக்கவிட, அவை ரத்தக் குழாய்களின் உட்பூச்சைப் பாதித்து அழுத்தத்தை உயர்த்துகின்றன. ஆக, உங்கள் உடல் குழந்தையைத் தாக்கவில்லை. தேவையான அளவு ஈடுபடாமல் போயிருக்கலாம்.

இதே சேர்க்கை இருந்தும் சிக்கலின்றிப் பிரசவிக்கும் பெண்கள் ஏராளம். கணவரிடம் அந்தப் புரதத்தின் சி1, சி2 என்னும் இரு வகைகளும் இருந்தால் அடுத்த குழந்தைக்கு எது செல்லும் என்பதும் முன்கூட்டித் தெரியாது. ஆகவே இதை உங்கள் குறையென்றோ அவர் குறையென்றோ பேசுவதில் பொருளில்லை. முடிவு எதுவாயினும் சிகிச்சை மாறப்போவதில்லை என்பதால், இந்தப் பரிசோதனைக்குச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

முந்தைய கர்ப்பத்தின் விவரத்தை முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்களைப் போன்றோருக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினை 12-வது வாரம் முதல், பெரும்பாலும் 16-வது வாரத்துக்கு முன்பே தொடங்குவது வழக்கம். தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. 20 வாரங்களுக்குப் பின் ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலோ, கடும் தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி ஏற்பட்டாலோ விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய சில வாரங்களிலும் இது தலைகாட்டக்கூடும்.