அம்மாவுக்கு ஒவ்வொரு தடவையும் புது டாக்டர், கிளினிக்கை மாத்திடலாமா?

கேள்வி: எங்க ஏரியா கிளினிக்ல நாலஞ்சு டாக்டர் இருக்காங்க. காலைல போன் போட்டா எங்கேஜ்டு, லைன் கிடைச்சா அப்பாயின்ட்மென்ட் முடிஞ்சுடுச்சுங்கறாங்க. எப்படியோ போனாலும் ஒவ்வொரு தடவையும் வேற டாக்டர், அஞ்சு நிமிஷத்துல அனுப்பிடறாங்க. அம்மாவுக்கு சுகர், பிபி ரெண்டும் இருக்கு. கிளினிக்கை மாத்திடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்க. லைன் கிடைக்கலைங்கறதுல உங்களுக்கு இருக்கற கோவம் நியாயம்தான், ஆனா அம்மா விஷயத்துல அதைவிட ஆள் மாறிக்கிட்டே இருக்கறதுதான் எனக்குப் பெரிய தலைவலியா படுது.

சுகர், பிபி எல்லாம் ஒரு நாள் ரீடிங்கைப் பார்த்து முடிவு பண்ற சமாச்சாரம் இல்லங்க. எந்த மாத்திரைல தலை சுத்துச்சு, டோஸை எப்ப கூட்டினாங்க, கிட்னி டெஸ்ட் எப்ப எடுத்தாங்க, எல்லாம் ஃபைல்ல இருக்கும்தான், ஆனா புதுசா பார்க்கறவர் அதைப் புரட்டி முடிக்கறதுக்குள்ள உங்க அஞ்சு நிமிஷம் போயிடும். 2018ல பல நாட்டு ஆய்வுகள் 22ஐ சேர்த்து அலசினாங்க, அதுல 18ல டாக்டரை மாத்தாம தொடர்ந்து பார்த்தவங்ககிட்ட இறப்பு குறைவா இருந்துச்சு. அது மட்டும்தான் காரணம்னு அடிச்சு சொல்ல முடியாது, ஆனாலும் சும்மா ஒதுக்கற விஷயமும் இல்ல.

அதனால ரிசப்ஷன்ல தெளிவா கேளுங்க, "அம்மாவோட செக்கப் எல்லாம் இந்த டாக்டர்கிட்டயே போடுங்க, சில நாள் தள்ளிப் போனாலும் பரவால்ல"ன்னு. அடுத்த தேதியை வெளிய வரும்போதே வாங்கிடுங்க, காலைல போனோட மல்லுக்கட்டற வேலையும் பாதி குறையும். சளி, காய்ச்சல்னா யார் இருக்காங்களோ அவங்களைப் பாருங்க. அப்புறம் ரிசப்ஷன்ல "என்ன பிரச்சனை"ன்னு கேட்டா வம்புக்குக் கேக்கறாங்கன்னு நினைக்காதீங்க, யாரை முதல்ல உள்ள விடணும்னு பிரிக்கறதுக்குத்தான் பெரும்பாலும் கேக்கறாங்க, சொல்லிடுங்க.

அஞ்சு நிமிஷக் கதை உங்க ஊர்ல மட்டும் இல்ல. 2017ல வந்த ஒரு ஆய்வு 67 நாட்டுக் கணக்கைப் பார்த்துச்சு, டாக்டர் ஒரு நோயாளியைப் பார்க்கற நேரம் சராசரியா வங்கதேசத்துல 48 செகண்ட், ஸ்வீடன்ல 22.5 நிமிஷம். 1984லயே இன்னொரு ஆய்வுல நோயாளி பேச ஆரம்பிச்சு சராசரியா 18 செகண்ட்ல டாக்டர் குறுக்க பேசிடறாருன்னு பார்த்திருக்காங்க! அதனால முக்கியமானதை முதல் வரிலயே சொல்லிடணும், நம்மாளுங்க கதவுகிட்ட போய் நின்னுட்டுத்தான் "டாக்டர், நெஞ்சு கொஞ்சம் அடைக்கற மாதிரி இருக்கு"ன்னு ஆரம்பிப்பாங்க. வீட்ல எடுத்த ரீடிங், சாப்பிடற எல்லா மாத்திரையோட அட்டை, ரெண்டும் கைல இருக்கட்டும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா, நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் விழறது, பேச்சு குளறறது, மூச்சு முட்டறதுன்னா கிளினிக் லைனுக்குக் காத்திருக்காதீங்க, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க.

இவ்வளவு கேட்டும் ஒரே டாக்டரைத் தர மாட்டேங்கறாங்க, டெஸ்ட் ரிசல்ட்டை நீங்க போய் நின்னாதான் சொல்றாங்கன்னா, மேனேஜருக்கு எழுத்துல ஒரு புகார் குடுங்க. அதுக்கும் பதில் இல்லன்னா தாராளமா மாத்துங்க, ஆனா பழைய ரிப்போர்ட், மருந்துச் சீட்டு எல்லாத்துக்கும் காப்பி வாங்காம அங்கேருந்து கிளம்பாதீங்க.