36 சதுர மைலில் ஊர் எங்கே?

வணக்கம் சார்,

மகள் வீட்டுக்கு மினசோட்டா வந்து இரண்டு மாதமாகிறது. போன வாரம் காரில் போகும்போது வழியில் ஒரு டவுன்ஷிப்பின் பெயர்ப்பலகை பார்த்தேன். டவுன் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், மக்காச்சோளம், சோயா, தூரத்தில் ஒரு வீடு, மறுபடியும் மக்காச்சோளம், அதற்குள் அடுத்த டவுன்ஷிப் பலகை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து தேடினால் பரப்பு 36 சதுர மைல், மக்கள்தொகை இருநூற்றுச் சொச்சம் என்கிறது. பக்கத்தில் இருப்பதும் ஏறக்குறைய 36தான். இது என்ன கணக்கு? ஊர் எங்கேதான் இருக்கிறது?

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் தேடிய மாதிரி ஊர் அங்கே இருக்காது. நீங்கள் கடந்துபோனது ஒரு கட்டம். ஆள் வருவதற்கு முன்பே காகிதத்தில் போட்ட கட்டம்.

1785ல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு நில அளவைச் சட்டம் போட்டது. புது தேசம், கையில் காசில்லை, போரில் பட்ட கடன் கழுத்தைப் பிடிக்கிறது. இருந்த ஒரே சொத்து மேற்கே கிடந்த நிலம். அதுவும் அவர்களுடையதா என்பது வேறு கேள்வி. ஓஹியோவில் அளக்கத் தொடங்கிய அந்த வருடமே, அந்த மண்ணின் பூர்வகுடிகள் தாக்குவார்கள் என்ற பயத்தில் சில மைல்களோடு வேலையை நிறுத்திவிட்டார்கள். விற்க வேண்டுமென்றால் அளக்க வேண்டும், பார்க்காமலே வாங்குகிறவனுக்கும் புரிகிற மாதிரி அளக்க வேண்டும். அதனால் 6 மைலுக்கு 6 மைல் சதுரம். அதுதான் டவுன்ஷிப். அதற்குள் ஒரு மைல் சதுரங்களாக 36 துண்டு, ஒவ்வொன்றும் 640 ஏக்கர், பெயர் செக்‌ஷன். அளந்தது 66 அடிச் சங்கிலியால். 80 சங்கிலி ஒரு மைல்.

செக்‌ஷன்களுக்கு 1796ல் வந்த சட்டப்படி எண் போட்ட விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வடகிழக்கு மூலையில் 1, மேற்கே போய் 6, அப்படியே கீழே இறங்கி 7, அங்கிருந்து கிழக்கே 12. ஏர் மாடு வயலின் கோடியில் திரும்பி அடுத்த சாலுக்கு வருகிற மாதிரி போய் வந்து, தென்கிழக்கு மூலையில் 36ல் முடியும். கிட்டத்தட்ட நடுவில் விழுகிற 16ஆம் செக்‌ஷன் பள்ளிக்கூடத்துக்கு என்று 1785 சட்டமே ஒதுக்கியது. பின்னால் மினசோட்டாவுக்கு வந்தபோது அதோடு 36ஆம் எண்ணும் சேர்ந்தது. பள்ளியை அங்கேயே கட்டினார்கள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அதை விற்றோ குத்தகைக்கு விட்டோ வந்த பணம்தான் பள்ளிக்குப் போனது.

சரி, 'ஏறக்குறைய' 36 ஏன்? பூமி உருண்டை. வடக்கே போகப் போக தீர்க்கரேகைகள் நெருங்குகின்றன, உருண்டை மேல் சரியான சதுரங்களை வரிசையாக ஒட்ட முடியாது. அந்தக் குறையை எல்லாம் டவுன்ஷிப்பின் வடக்கு, மேற்கு ஓரத்துச் செக்‌ஷன்களில் தள்ளிவிட்டார்கள். அதுவும் போதாமல் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு திருத்தக் கோடு போட்டு, அங்கிருந்து புதிதாக அளந்தார்கள். அந்தப் பக்கம் நேர்க்கோடாகப் போகிற ரோடு ஒரு காரணமும் இல்லாமல் சட்டென்று ஒடிந்து, கொஞ்சம் தள்ளி மறுபடி நேராகப் போவதைப் பார்த்தால், பல இடங்களில் காரணம் இந்தக் கோடுதான்.

இப்போது உங்கள் இருநூற்றுச் சொச்சத்துக்கு வருகிறேன். 1862ல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஒரு குடும்பம் 160 ஏக்கர் வரை எடுத்துக்கொள்ளலாம், ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தம். 160 என்பது செக்‌ஷனில் கால் பங்கு. அப்படியென்றால் ஒரு செக்‌ஷனுக்கு நாலு குடும்பம், பள்ளி நிலம் இரண்டும் போக 34 செக்‌ஷனில் 136 குடும்பம், வீட்டுக்கு ஐந்து பேர் வைத்தால் 680. நிஜத்தில் இவ்வளவு ஒழுங்காக நடக்கவில்லை, ரயில் கம்பெனிக்குப் போன நிலம், ஏரி, சதுப்பு எல்லாம் உண்டு. ஆனால் அந்தச் சட்டப்படி ஒரு கட்டத்தில் எத்தனை பேர் இருந்திருக்கலாம் என்பது தெரிகிறதல்லவா? அப்புறம் டிராக்டர் வந்தது, அறுவடை இயந்திரம் வந்தது, முன்பு நாலு குடும்பம் உழுத செக்‌ஷனை ஒரு வீட்டுக்காரர் இன்னும் இரண்டு மூன்று செக்‌ஷனோடு சேர்த்தே பார்த்துக்கொள்கிறார். நிலம் சும்மா கிடக்கவில்லை, ஆள்தான் இல்லை. ஆள் குறைந்ததும் ஊர் பாழாகிவிட்டது என்று எழுதுகிறவர்கள் அந்த மக்காச்சோளத்தைப் பார்க்கவில்லை.

சதுர மைலுக்கு இத்தனை பேர் என்ற எண்ணும் அதே பக்கத்தில் இருந்திருக்கும். அதை விட்டுவிடுங்கள். யாரும் நிலத்தில் சமமாகத் தூவினாற்போல் குடியிருப்பதில்லை, வீடெல்லாம் ரோட்டை ஒட்டியே இருக்கும். வீடுகளின் எண்ணிக்கையையும் நடு வயதையும் (பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ்) பாருங்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது.

இருநூற்றுச் சொச்சத்தையும் தலையெண்ணி எடுத்ததாக நம்பிவிடாதீர்கள். நெப்ராஸ்காவில் மொனோவி என்று ஒரு கிராமம், 2010 கணக்கெடுப்பில் ஒரே ஒருவர். 2020ல் இரண்டு பேர் என்று வந்தது. இன்னொருவர் யார் என்று அங்கே இருந்த ஒருவருக்கே தெரியவில்லை! சின்ன ஊர்களில் எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால், 2020 கணக்கெடுப்பில் மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையை அப்படியே வைத்துவிட்டு, அதற்குக் கீழே உள்ள மக்கள்தொகை எண்களில் வேண்டுமென்றே கொஞ்சம் ஏற்ற இறக்கம் கலந்தார்கள். ரகசியம் காக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் இருநூறு பேர் இடத்தில் நாலைந்து பேர் கூடியதா குறைந்ததா என்று வாதாடுவதில் அர்த்தமில்லை.

ஊர் எங்கே என்று கேட்டீர்கள். அளவைக்காரர்கள் போட்ட கட்டத்தின் மேல் பின்னால் ஒரு உள்ளாட்சியும் வந்து உட்கார்ந்தது, மினசோட்டாவில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருந்தும். மண் ரோட்டைச் செப்பனிடுவதும் பனியை அள்ளுவதும்தான் அதற்கு முக்கிய வேலை. மார்ச் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை ஆண்டுக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் பிரதிநிதி கிடையாது, அங்கே ஓட்டு உள்ள யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து, இந்த வருடம் எவ்வளவு வரி போடலாம் என்று தாங்களே ஓட்டுப் போடுவார்கள். மார்ச் வரை இருப்பீர்களென்றால் மகளோடு ஒரு நடை போய்ப் பாருங்கள். டவுன் ஹால் என்று எழுதிய ஒரு சின்னக் கட்டடத்தின் வாசலில் பத்து பிக்கப் வண்டிகள் நின்றால், அதுதான் ஊர்.