கேள்வி பதில்: நால்வர் ஆண்ட ஜெர்மனி

கேள்வி: என் பாட்டியின் தகரப் பெட்டியில் வாழைமரப் படம் போட்ட ஜப்பான் காலத்துப் பத்து வெள்ளி நோட்டுகள் இன்னும் கிடக்கின்றன. ஜெர்மனியை ஒன்றாக நின்று தோற்கடித்த நான்கு நாடுகள் மூன்றே ஆண்டுகளில் பகையானதற்கும் ஒரு நோட்டு மாற்றம்தான் காரணம் என்கிறார்களே, உண்மையா?
– தோட்ட வாசகர் ஒருவர், சுங்கை சிப்புட், பேராக்

பதில்: பகை வெடித்தது நோட்டில்தான், ஆனால் விரிசல் அதற்கு முன்பே நிலக்கரியிலும் ரொட்டியிலும் விழுந்துவிட்டது.

1945 ஆகஸ்டு 2ஆம் தேதி முடிந்த போட்ஸ்டம் மாநாட்டில், நான்கு பகுதிகளாகப் பிரித்து ஆளப்பட்ட ஜெர்மனியை ஒரே பொருளாதாரமாக நடத்துவதென்று அமெரிக்காவும் பிரிட்டனும் சோவியத் யூனியனும் ஒப்புக்கொண்டன. அம்மாநாட்டுக்கு அழைக்கப்படாத பிரான்ஸுக்கு, நால்வரும் ஒருமனப்பட்டால்தான் எதுவும் நிறைவேறும் என்ற விதியுள்ள நேசநாடுகளின் கட்டுப்பாட்டு மன்றத்தில், அதாவது ஜெர்மனியைக் கூட்டாக ஆண்ட அவையில், இடம் இருந்தது. நாடு முழுமைக்குமான நிர்வாகத் துறைகள் அமையாதபடி அங்கே முதலில் தடை போட்டது மாஸ்கோ அல்ல, பாரிஸ்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பிரிட்டனின் மனமாற்றம் வயிற்றுப்பாட்டிலிருந்து வந்தது. போர்க்காலத்தில்கூடப் பங்கீட்டுக்கு உட்படுத்தாத ரொட்டியை 1946 ஜூலையில் பங்கீட்டில் கொண்டுவந்த அந்நாடு, அதே வேளையில் தன் பொறுப்பிலிருந்த, நிலக்கரி வளம் மிக்க ரூர் வட்டார மக்களுக்கும் டாலர் கொடுத்துத் தானியம் வாங்கிப் போட வேண்டியிருந்தது. (அன்று பிரிட்டனின் ஸ்டெர்லிங் வட்டாரத்துக்கு, அதாவது பவுண்டைச் சார்ந்த நாடுகளுக்கு, டாலர் ஈட்டித் தந்தவற்றில் மலாயா ரப்பர் முன்னணியில் நின்றது, உங்கள் தோட்டத்து மங்குகளில் வடிந்த பாலுக்கும் இதில் பங்குண்டு.) இழப்பீடு வாங்க வந்தவர்களே சோறு போடும் நிலை வந்ததும் தண்டிக்கும் வேகம் தணிந்தது. 1946 மே மாதம் அமெரிக்கத் தளபதி கிளே தம் பகுதியிலிருந்து போர் இழப்பீடாகக் கழற்றிய தொழிற்சாலை எந்திரங்கள் போவதை நிறுத்தினார். 1947 ஜனவரி 1 முதல் அமெரிக்க, பிரிட்டிஷ் பகுதிகள் பொருளாதாரத்தில் ஒன்றாயின. இரண்டு கோடிக்கு மேற்பட்ட உயிர்களை இழந்த சோவியத் யூனியன் இதை வாக்குத் தவறலாகவே கண்டது. அந்தக் கோபத்தை வெறும் சூழ்ச்சி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

1948 மார்ச் 20 அன்று சோவியத் மார்ஷல் சொக்கலோவ்ஸ்கி மன்றத்தை விட்டு வெளியேறினார். ஜூன் 20 அன்று மேற்குப் பகுதிகளில் தலைக்கு 40 புதிய மார்க் வழங்கப்பட்டது. வாழைமர நோட்டைப் போல் பழைய பணம் அடியோடு செல்லாமல் போகவில்லை என்றாலும், சேமிப்பில் பெரும் பகுதி கரைந்தது. அவசரத்தில் புது நோட்டு அச்சிட முடியாத சோவியத் தரப்பு, பழைய நோட்டிலேயே சிறு வில்லைகளை ஒட்டிப் புழக்கத்தில் விட்டது. இந்த நோட்டுத் தகராறின் தொடர்ச்சியாக, சோவியத் பகுதியின் நடுவே இருந்த மேற்கு பெர்லினுக்குச் செல்லும் தரைவழிகளை அடைத்து ஜூன் 24 அன்று சோவியத் தரப்பு முற்றுகையைத் தொடங்கியது. உங்கள் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டதும் அதே மாதம் 16ஆம் தேதிதான்.

அந்த மன்றம் ஓய்ந்த பின்னும், நாஜித் தலைவர்களை அடைத்திருந்த பெர்லினின் ஸ்பாண்டாவ் சிறையை மட்டும் 1987இல் கடைசிக் கைதி இறக்கும்வரை நான்கு நாட்டுப் படையினரும் மாதத்துக்கு ஒரு நாடாக முறை வைத்துக் காத்துவந்தனர்.