உள் ஃபங்ஷனை வெளியே விடலாமா? சில கேள்விகள்

கே: எங்கள் எட்25519 (டிஜிட்டல் கையொப்ப முறை) லைப்ரரியில் பப்ளிக் கீயைத் தனியாக வாங்கிக் கையொப்பமிடும் உள் ஃபங்ஷன் ஒன்று இருக்கிறது. வேகமானது. பயனர்கள் கேட்கிறார்கள், பப்ளிக் ஆக்கலாமா?

ப: வேண்டவே வேண்டாம். எட்25519-இல் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் ஒரு ரகசிய எண் உருவாகிறது. அது பிரைவேட் கீயையும் செய்தியையும் மட்டுமே பொறுத்தது. பப்ளிக் கீக்கு அதில் பங்கில்லை. ஆனால் கையொப்பத்தின் பின்பாதிக்கான ஹாஷில் (தரவைச் சுருக்கி ஓர் எண்ணாக்கும் கணக்கில்) பப்ளிக் கீ நுழைகிறது. ஒரே செய்திக்கு இரண்டு வேறு பப்ளிக் கீ கொடுத்துக் கையொப்பம் வாங்கினால், முதல் 32 பைட் அப்படியே இருக்கும், அடுத்த 32 பைட் மட்டும் மாறும். அந்த இரண்டு பின்பாதிகளையும் கழித்து, ஹாஷ்களின் வித்தியாசத்தால் வகுத்தால் கையொப்பமிடும் ரகசியமே கைக்கு வந்துவிடும். பள்ளிக்கூட அல்ஜீப்ராதான்! 2022-இல் இது பேசப்பட்டபோது, பல லைப்ரரிகள் இந்தக் கதவைத் திறந்தே வைத்திருந்தது தெரிந்தது. ரஸ்டின் எட்25519-டாலெக் 2.0, இரண்டு கீயையும் தனித்தனியாக வாங்கும் வடிவத்தை 'ஹாஸ்மேட்' என்ற ஆபத்துப் பகுதிக்குள் தள்ளியது.

வேகம்தான் பிரச்சினை என்றால், கீயை ஏற்றும்போதே பப்ளிக் கீயை ஒருமுறை கணக்கிட்டு, இரண்டையும் ஒரே ஆப்ஜெக்டுக்குள் வைத்துவிடுங்கள்.

கே: டெஸ்ட் எழுதுவதற்கு மட்டும்தான் தேவை என்றால்?

ப: டெஸ்டை அதே பேக்கேஜுக்குள் எழுதுங்கள். சி மொழி என்றால் டெஸ்டுக்கென்று தனி பில்ட் போதும்.

கே: 'உள் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று டாக்குமென்டில் எழுதிவிட்டால் போதாதா?

ப: யார் படிக்கிறார்கள்? விட்டதைத் திரும்ப வாங்குவதும் லேசில்லை. 2016-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் 1.1.0 பதிப்பு தன் ஸ்ட்ரக்டுகளை (உள் தரவு அமைப்புகளை) மூடியபோது, அவற்றுக்குள் நேரடியாகக் கைவிட்டுக்கொண்டிருந்த நிரல்கள் கம்பைல் ஆகாமல் நின்றன. கோ மொழியில், பப்ளிக் கீக்களாகப் பயன்படும் எலிப்டிக் வளைவுப் புள்ளிகளைக் கூட்டும், பெருக்கும் ஃபங்ஷன்கள் வெளியே கிடந்தன. 2023-இல் இசிடிஎச்-சுக்கு (இருவர் சேர்ந்து ஒரு பொது ரகசியத்தை உருவாக்கும் முறைக்கு) தனி பேக்கேஜ் வந்தபிறகு, 1.21 பதிப்பில் அவற்றைக் கைவிடச் சொன்னார்கள். பழைய நிரல் உடையக் கூடாது என்ற வாக்குறுதியால் நீக்கத்தான் முடியவில்லை.

கே: புது புரோட்டோகால் எழுதுகிறவர்களுக்கு நிஜமாகவே வேண்டுமே?

ப: சரி, அவர்களுக்கு ஒரு வழி வேண்டும்தான். முதலில் என்ன வேலைக்கு என்று கேளுங்கள். பாதிப் பேருக்கு அந்த வேலையை மட்டும் செய்யும் சின்ன ஃபங்ஷனே போதும் என்பது என் அனுபவம். மீதிப் பேருக்கு, பைத்தானின் கிரிப்டோகிராஃபி லைப்ரரி செய்வதுபோல, பெயரிலேயே எச்சரிக்கிற தனிப் பகுதியில் கொடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: உள்ளே இருந்தவரை, கொடுக்கப்பட்ட புள்ளி எலிப்டிக் வளைவின் மேல்தான் இருக்கிறதா என்று அதை அழைக்கும் ஃபங்ஷன் சோதித்திருக்கும். வெளியே வரும்போது அந்தச் சோதனையும் கூடவே வர வேண்டும்.